போஸ்டர்: கம்பத்திலிருந்து சுவருக்கு

ஆங்கிலத்தில் ‘போஸ்ட்’ என்றால் கம்பம். லத்தீன் மொழியில் கதவு நிலையின் பக்கக்காலைக் குறித்த ‘போஸ்டிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஊருக்குத் தெரியவேண்டிய அறிவிப்பைக் கம்பத்தில் அறைந்து வைத்த வழக்கத்தால், அந்தச் செயலுக்கும் ‘போஸ்ட்’ என்றே பெயராயிற்று. அப்படி வைக்கப்பட்ட தாளை 19ஆம் நூற்றாண்டில் போஸ்டர் என்றார்கள். தபாலைக் குறிக்கும் போஸ்ட் வேறு வழியில் வந்த சொல். இரண்டையும் முடிச்சுப் போடவேண்டாம். 1796இல் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த கல்லச்சு (லித்தோகிராஃபி) முறையால்தான் படமும் எழுத்தும் ஒரே தாளில் பெரிதாக அச்சேறின.

தமிழில் இதற்குச் சுவரொட்டி. சுவரில் ஒட்டுவது, அல்லது ஒட்டிக்கொண்டிருப்பது. நாள்காட்டி, வழிகாட்டி போன்றவற்றில் வரும் அதே இகர விகுதிதான் இதிலும். கோபத்தைச் ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்கிறதே 306ஆம் குறள், அந்த விகுதி. புதிதாகப் பொருத்திய சொல்லாக இருந்தாலும் அமைப்பு பழையது. இதே பெயரில் இன்னொரு பொருளும் உண்டு: மும்பையின் தாராவியில் நம் தமிழர்களின் ஆட்டுக்கறிக் கடையில் சுவரொட்டி கேட்டால் மண்ணீரலை வெட்டித் தருவார்கள். இடம் பார்த்துப் பொருள் கொள்வதில் யாருக்கும் குழப்பமில்லை.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பேச்சில் நாம் வெறும் போஸ்டர் என்று விடுவதில்லை, ‘வால்போஸ்டர்’ என்கிறோம். ஆங்கிலச் சொல்லில் இருந்தது கம்பம்தான். சுவரை நாம் சேர்த்துக்கொண்டோம். மும்பையில் நம்மைச் சுற்றிப் புழங்கும் மராத்தியிலும் இது ‘பித்திபத்ரக்’. பித்தி என்றால் சுவர், பத்ரக் என்றால் தாள். இரண்டு மொழிக்காரர்களுக்கும் முதலில் கண்ணில் பட்டது சுவர்தான்.

அந்தச் சுவர் வடிவமைப்பையும் தீர்மானிக்கிறது. சுவரொட்டியைப் பார்ப்பவர் நடந்துகொண்டோ பேருந்தில் உட்கார்ந்தோ போகிறவர். அவர் கடந்துபோவதற்குள் விஷயம் போய்ச் சேரவேண்டும். காதல் படத்துக்கு இது இன்னும் கடினம். சண்டைப் படத்துக்கு ஒரு துப்பாக்கி போதும். காதலைக் காட்ட இரண்டு உடல்களுக்கு நடுவே உள்ள உறவைக் காட்டியாகவேண்டும்.

மும்பையின் செம்பூர்ப் பகுதிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். 1949இல் வந்த ‘பர்சாத்’ என்ற இந்திப் படத்தில், ராஜ் கபூர் ஒரு கையில் வயலினைப் பிடித்திருக்க, நர்கிஸ் அவருடைய மற்றொரு கையில் பின்னால் சாய்ந்திருப்பார். இந்த நிலைதான் சுவரொட்டிக்குப் போனது, பிறகு ராஜ் கபூரின் ஆர்.கே. பட நிறுவனத்தின் சின்னமும் ஆனது. செம்பூரில் அந்த ஸ்டூடியோ இருந்தவரை அதை அங்கே பார்த்திருப்போம். சின்னமாகச் சுருக்கியபோது முகம், கண், உடைமடிப்பு எல்லாம் போய் வெறும் உருவக்கோடு மட்டும் மிஞ்சியது. ஆனாலும் காதல் தெரிகிறது. காரணம், ஒரு கையில் இசை, ஒரு கையில் பெண். அவர் நிமிர்ந்து நிற்க, அவள் வளைந்து சாய்கிறாள். அந்த நேர்க்கோடும் வளைகோடும் சந்திக்கும் இடத்தில்தான் நம் கண் போய் நிற்கிறது. நல்ல சுவரொட்டிக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேண்டாம்: முகங்களை அழித்துவிட்டுப் பாருங்கள், கதை நிற்கிறதா என்று.

அப்புறம் பார்வை. காதலர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் நாம் வெளியே நிற்கிறோம். ஒருவர் மட்டும் நம்மைப் பார்த்தால், அவர் மனசு நமக்குத் தெரிந்துவிடுகிறது. இருவரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தால் பிரிவு வரப்போகிறது. பழைய இந்திப் படச் சுவரொட்டிகளில் தலைப்பு ரோமன், தேவநாகரி, உருது என மூன்று எழுத்துகளில் இருக்கும். உருவங்களுக்கு மிஞ்சிய இடத்தில் மூன்றையும் அடக்கவேண்டும். மும்பையின் மட்டன் ஸ்ட்ரீட்டில், சோர் பஜார் என்னும் பழம்பொருள் சந்தையின் கடைகளில் பழைய தாள்களை இன்றும் விற்கிறார்கள். ஒன்றைப் பிரித்து, தலைப்புகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.

சரி, எதை எப்படி அழைப்பது? ஓவியர் எம்.எஃப். ஹுசைன் இளமையில் மும்பையில் வரைந்த பெரிய சினிமா விளம்பரங்கள் சுவரொட்டிகள் ஆகா. அவை விளம்பரப் பலகைகள். துணியிலோ ஃபிளெக்ஸிலோ கட்டித் தொங்கவிடுவது பதாகை. கையில் கொடுப்பது துண்டறிக்கை. ‘ஃபர்ஸ்ட் லுக்’ என்பதற்கு முதல் பார்வை என்பது நன்றாகவே நிலைத்துவிட்டது. செல்பேசியில் மட்டும் வெளியாகும் போஸ்டருக்குச் சுவர் இல்லையே என்று கேட்கலாம். அதற்கும் சுவரொட்டி என்றே எழுதலாம் என்பது என் கருத்து. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரும் வழிப்போக்கர்தான். அவரை நிறுத்தும் வழிகள் சுவரில் பழகியவையே.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்கவும். ‘சுவற்றில் சுவரொட்டி ஒட்டினார்கள்’ என்று செய்திகளில்கூட வருகிறது. சொல் சுவர், அதனால் ‘சுவரில்’ என்பதே சரி. சுவறுதல் என்றால் வற்றுதல்.