எலும்பு கூடிவிட்டது, வலி மட்டும் ஏன் போகவில்லை?

கை முறிந்து, மாவுக்கட்டுப் பிரித்துப் பல மாதம் ஆன பிறகும் வலியோடு வருபவர்களை எலும்பு மருத்துவராக நான் அடிக்கடி பார்க்கிறேன். "எலும்பு கூடிடுச்சுன்னு சொல்லிட்டாங்க டாக்டர், அதான் பொறுத்துக்கிட்டு இருந்தேன்" என்பார்கள். தயவுசெய்து அப்படிப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். எலும்பு கூடுவது வேறு, சரியான நிலையில் கூடுவது வேறு.

மணிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். கையை ஊன்றி விழும்போது கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பின் நுனி உடைகிறது, சிலருக்குக் கட்டுக்குள் இருக்கும்போதே அது சற்று இறங்கி, புறங்கைப் பக்கமாகச் சாய்ந்து, அப்படியே கூடிவிடும். பக்கத்து அல்னா எலும்பு பழைய நீளத்திலேயே இருப்பதால் இப்போது அது துருத்திக்கொண்டு, சுண்டுவிரல் பக்கம் இருக்கும் சிறு எலும்புகளில் இடிக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, பேனாவை நிமிர்த்திப் பிடித்தபடி உள்ளங்கையை மேலே திருப்பச் சொல்வேன். நல்ல கையில் பேனா முழுதாகப் படுத்துவிடும். அடிபட்ட கையில் பாதியில் நின்றுவிடும், மீதிக்கு அவர் உடம்பையே சாய்ப்பார். வீட்டில் நீங்களே இதைச் செய்து பார்க்கலாம்.

மேற்கையில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் தோள்மூட்டு ஈடுகட்டிவிடும். முன்கை அப்படியல்ல, இரண்டு எலும்புகளும் ஒன்றையொன்று சுற்றித் திரும்ப வேண்டியவை, சிறு கோணலும் அங்கே தெரியும்.

வலிக்குக் கோணல் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. 6 முதல் 9 மாதம் ஆகியும் எலும்பு கூடாமலே இருக்கலாம், புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் இது அதிகம். பிளேட் வைத்த இடத்தில் கிருமித்தொற்று இருக்கலாம். நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகலாம். துணி பட்டாலே எரிகிறது, தோல் நிறம் மாறி வியர்க்கிறது, விரல் மடங்கவில்லை என்றால் அது நரம்பு சார்ந்த வேறொரு வலிநோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. காரணம் தெரியாமல் எண்ணெய் தடவி அழுத்தித் திருகி உருவுவதை மட்டும் விட்டுவிடுங்கள், அதிலும் முழங்கையில் கூடவே கூடாது, சுற்றியுள்ள தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது முறிந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பதைச் சொல்லுங்கள், "வலிக்குது" என்பதைவிட "சாவியைத் திருப்ப முடியல" என்பது எங்களுக்கு அதிகம் உதவும். இரண்டு கைகளுக்கும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவோம், எலும்பு முறுக்கிக் கூடியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேனும் தேவைப்படும்.

எக்ஸ்ரேயில் கோணல் தெரிகிறது என்பதற்காக மட்டும் நான் கத்தி எடுப்பதில்லை. வலியில்லாமல் வேலை நடக்கிறதென்றால், அதுவும் வயதானவர்களுக்கு, அப்படியே விட்டுவிடலாம். அவசியமென்றால் கோணலான இடத்தில் எலும்பை வெட்டி, நீளத்தையும் சாய்வையும் சரிசெய்து பிளேட் பொருத்துவோம், இடைவெளி பெரிதாக இருந்தால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்புவோம். சிலருக்கு அல்னாவைக் குட்டையாக்கினாலே போதும். அப்புறம் பிசியோதெரபி உண்டு. குருத்தெலும்பு ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தால் இதெல்லாம் முழுப் பலன் தராது, ஆகவே வலியோடு வருடக்கணக்கில் காத்திருக்காமல் இப்போதே ஒருமுறை காட்டிவிடுங்கள்.