மணி அடித்தால் யார் வருவார்கள்?

பெற்றோருக்கு, விழுந்தால் எச்சரிக்கும் வாட்ச் மாதிரி ஏதாவது கருவி வாங்க வேண்டும் என்று என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இது புதிதல்ல. மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கம் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் சவூதியிலோ குவைத்திலோ துபாயிலோ ஒரு பிள்ளை இருக்கும். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும், இல்லாவிட்டால் அவர்களோடு மருமகளும் சின்னப் பிள்ளைகளும். அழைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த வாட்ச் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "அந்த வாட்ச் மணி அடித்தால் அஞ்சு நிமிஷத்தில் நடந்து அம்மாவிடம் போகக்கூடியவர் யார்?"

பலருக்கு இதற்குப் பதில் உடனே வருவதில்லை. முதியவர்களின் வீடுகளுக்கு உடல்நலக் கண்காணிப்புக் கருவிகளை வடிவமைத்துப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். கருவி எதுவாக இருந்தாலும் சரி, இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் நான் அளவெடுக்கவே தொடங்குவதில்லை.

காரணம் இதுதான். காசு கொடுத்தது மகன், செயலியில் பதிவானது மகனின் எண். அதனால் எச்சரிக்கையும் அவர் போனுக்கே போகிறது. சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே காலை ஐந்து மணிக்கு அம்மா குளியலறையில் விழுந்தால் அங்கே நள்ளிரவு இரண்டரை. பகலில் விழுந்தாலும், வேலையிடத்தில் போனைக் கையில் வைத்திருக்க விடாத நிறுவனங்கள் உண்டு. சரி, பார்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 108 அழுத்தினால் தமிழ்நாட்டு ஆம்புலன்ஸுக்குப் போகாது. அவர் இங்கே யாரையாவது கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். அந்த 'யாராவது' ஒருவரின் எண்ணை முதலிலேயே கருவியில் போட்டிருந்தால் இவ்வளவு நேரம் வீணாகாது.

விழுவதைப் போலவே விழுந்த இடத்தில் கிடப்பதும் ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் அசையாமல் கிடந்தால் உடலில் நீர் வற்றும், அழுத்தம் விழும் இடங்களில் புண் வரும், நசுங்கும் தசையிலிருந்து வெளியேறும் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலும்பு முறியாதவர்களுக்கும் இது நடக்கும். உலக அளவில் தற்செயலான காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால் நான் அமைக்கும் வரிசையில் முதல் ஆள் பக்கத்து விளையில், அதாவது பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், இருப்பவர். அவரும் நாள் முழுக்க வீட்டில் இருப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியுமுன்பே கிளம்பிவிடுவார், ஆனால் மதியம் வீட்டில் இருப்பார். அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகும் அக்கா காலை எட்டு மணி வரை இருப்பார், அப்புறம் மாலைதான். சந்திப்பில் சாயாக்கடை வைத்திருப்பவர் விடிகாலையிலேயே விழித்திருப்பார். இவர்கள் நேரத்தையெல்லாம் கேட்டு எழுதி, எந்த மணிக்கு யாருக்கு அழைப்பு போக வேண்டும் என்று பிரித்துப் போடுகிறேன். முதல் ஆள் எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிஷத்தில் அடுத்தவருக்குப் போகும். யாராவது ஒருவர் 'நான் போகிறேன்' என்று பொத்தானை அழுத்தியதும் மற்ற எல்லாருக்கும் அது தெரிந்துவிடும். மகனுக்கும் தகவல் போகும், ஆனால் வரிசையில் அவர் கடைசி. இதைக் கேட்டதும் சில மகன்களுக்கு முகம் மாறும். பாசத்தில் அவர்தான் முதல் ஆள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பார்ப்பது தூரத்தை மட்டும்.

வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். கையில் கட்டும் கருவிக்குள் அசைவை அளக்கும் உணரி (சென்சார்) இருக்கிறது. திடீர் வேகம், அதைத் தொடர்ந்து ஓர் அடி, அப்புறம் அசைவின்மை என மூன்றும் சேர்ந்து வந்தால் 'விழுந்துவிட்டார்' என்று முடிவு செய்யும். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் அப்படி விழுவதில்லை. கட்டிலிலிருந்து இறங்கும்போது மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிடுவார்கள், சுவரைப் பிடித்தபடியே வழுகி இறங்குவார்கள். அதைக் கருவி கவனிக்காமல் விடக்கூடும். போதாக்குறைக்கு, குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடுவார்கள். ஒரு பாட்டியிடம் வாட்ச் எங்கே என்று கேட்டேன். "மோன் விலை கூடினத அனுப்பியிருக்கான் மக்களே, அலமாரியில பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். அவர் செய்ததில் தப்பே இல்லை. நல்ல பொருளைப் பத்திரப்படுத்திப் பழகியவர்கள் அவர்கள். தினமும் கழற்றி, சார்ஜ் போட்டு, திரும்பக் கட்ட வேண்டிய ஒரு பொருளை அவருக்குக் கொடுத்த நாம்தான் யோசித்திருக்க வேண்டும்.

இங்குள்ள பழைய வீடுகளில் குளியலறை வீட்டுக்கு வெளியே, கிணற்றடிப் பக்கம் இருக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை காய்வதில்லை, சிமெண்டுத் தரையில் பாசி பிடித்துவிடும். அங்கே உணரி பொருத்தச் சொல்லி யாராவது கேட்டால், முதலில் பாசியைச் சுரண்டி, சொரசொரப்பான தரை போட்டு, சுவரில் பிடிமானக் கம்பி ஒன்று வையுங்கள் என்பேன். கதவு உள்பக்கம் தாழிட்டாலும் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி இருக்கட்டும். என் தொழிலுக்கு இதில் வருமானம் இல்லை, ஆனாலும் முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கப்புறம், தண்ணீர் பட்டாலும் கெடாத அழைப்புப் பொத்தான் ஒன்று. அதைச் சுவரில் நெஞ்சளவு உயரத்தில் வைக்கும் பழக்கம் இருக்கிறது. விழுந்தவர் கை அங்கே எட்டாது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைக்க வேண்டும், அல்லது தரைவரை தொங்கும் கயிறு கட்ட வேண்டும். புளூடூத் வழியாகப் பேசும் பொத்தான்களுக்கு எட்டும் தூரம் சுமார் பத்து மீட்டர், நடுவில் கனமான சுவர் இருந்தால் இன்னும் குறையும். கிணற்றடியில் நின்று அழுத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி இருப்பதிலேயே எளியது. கதவில் ஒட்டும் இரண்டு சின்னத் துண்டுகள், ஒன்றில் காந்தம், மற்றதில் உணரி. கதவு திறந்தால் இரண்டும் விலகும், நேரம் பதிவாகும். அவ்வளவுதான். இதை அடுக்களைப் பின்வாசலில் ஒட்டுவேன். தனியாக இருக்கும் ஒரு பாட்டி தினமும் ஆறு மணிக்குள் பின்வாசலைத் திறந்து முற்றம் பெருக்குகிறவர் என்றால், ஏழு மணி வரை கதவு திறக்காதது ஒரு செய்தி. அப்போதும் உடனே ஊரைக் கூட்டுவதில்லை. முதலில் பாட்டியின் சாதாரண போனுக்கே அழைப்பு போகும், அவர் எடுத்துவிட்டால் சரி. எடுக்காவிட்டால்தான் பக்கத்து வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு முன்வாசல் வழியாகவே போகிறவர் என்றால் அன்றைக்கு விதி வேறு. கோயில் கொடை (திருவிழா) நாட்களில் வேறு. பாட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து பேசினால்தான் இதெல்லாம் தெரியவரும்.

கேமரா பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: அம்மாவிடம் கேட்டீர்களா? கேமரா வைத்த அறையில் உட்காருவதையே நிறுத்திவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். வெயில் காலத்தில் முந்தானையைத் தளர்த்திப் படுக்கக்கூட முடியாத வீடு யாருக்கு வேண்டும்? அவர் மனதாரச் சம்மதித்தால் முன்வாசலுக்கு வைக்கலாம். படுக்கையறைக்கு நான் பொருத்துவதில்லை.

ரத்த அழுத்தக் கருவியை இணையத்தோடு இணைத்தால் இன்னொரு பிரச்சினை வரும். அம்மா கருவியைக் கட்டியதும் எண் 150 என்று மகன் போனில் தெரியும். உடனே அழைப்பு, "என்னம்மா சாப்பிட்டீங்க, உப்பு போட்டீங்களா?" அம்மாவுக்குப் படபடப்பு வரும், திரும்ப எடுத்தால் 165. இப்படித்தான் நல்ல கருவி வீட்டில் சண்டையைக் கொண்டுவருகிறது. அளப்பதற்கு முறை இருக்கிறது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டையைத் துணிமேல் சுற்றாமல் தோல்மேல் சுற்ற வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். வீட்டில் எடுக்கும் அளவுகளின் சராசரி 135/85-ஓ அதற்கு மேலோ இருந்தால்தான் பொதுவாக மருத்துவர்கள் அதை உயர் அழுத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது. அதனால் எங்கள் வடிவமைப்பில் ஒவ்வொரு அளவும் மகனுக்குப் போகாது, வாரச் சராசரி மட்டும் போகும். விதிவிலக்கு 180/120-ஐத் தாண்டினால். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லும், அப்போதும் இறங்காவிட்டால் மருத்துவரை அழைக்கச் சொல்லும். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் இரண்டாவது அளவுக்குக் காத்திருக்காமல் நேராக 108 அழைக்க வேண்டும். மாதக் கடைசியில் எல்லா அளவும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சாகும். ஆசாரிபள்ளம் மருத்துவமனைக்குப் போனாலும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருபவர் கேட்டாலும், அந்தத் தாளை நீட்டினால் போதும்.

மாத்திரை நினைவூட்டலில் 'வெள்ளை மாத்திரை' என்று பேசும் செயலிகள் வேண்டாம். கடைக்காரர் அடுத்த மாதம் வேறு கம்பெனி மருந்து தந்தால் நிறம் மாறிவிடும், பாட்டா (தாத்தா) குழம்பிவிடுவார். நேரவாரியாகப் பிரித்த பெட்டியும், பேத்தியின் குரலில் பதிவு செய்த "பாட்டா, காலை மாத்திரை" என்ற அழைப்பும் நன்றாக வேலை செய்கின்றன.

இனி, இந்த எல்லாவற்றையும் உண்மையில் நடத்துகிற ஆளுக்கு வருகிறேன். பெரும்பாலும் மருமகள், சில வீடுகளில் ஹோம் நர்ஸ். மூன்று ஊர்களிலிருந்து மூன்று பிள்ளைகள், "மாத்திரை கொடுத்தாச்சா?" என்று தனித்தனியாகக் கேட்பார்கள். கொடுத்தாயிற்று, ஆனால் செயலியில் குறிக்க மறந்துவிட்டார் என்றால் சிவப்பு எழுத்தில் 'தவறவிட்டது' என்று வரும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதன் படம் வரும். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில், மாமியாருக்கு அரைத்த கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மருமகளின் போன் ஸ்டூல்மேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு கை கிண்ணத்தில், ஒரு கை மாமியாரின் தாடையில். அந்தப் பெண் எந்தக் கையால் பொத்தானை அழுத்துவார்? மாத்திரைப் பெட்டியின் மூடி திறந்ததை வைத்துத் தானாகவே குறித்துக்கொள்ளும்படி செய்துவிட்டால் அவருக்கு அந்த வேலையே இல்லை. சிவப்பு எழுத்தையும் எடுத்துவிட்டோம். மூடி திறக்காவிட்டால் முதலில் அவருக்கு மட்டும், மெதுவான ஒலியில் ஒரு நினைவூட்டல் போகும்.

அவர் திரையில் இருக்க வேண்டியவை வேறு: அடுத்த மாத்திரை எது, எத்தனை நாளைக்கு மாத்திரை மிச்சம், மருத்துவரைப் பார்க்கும் தேதி, இன்று இரவு எழுந்து பார்க்கும் முறை யாருடையது. தூரத்துப் பிள்ளைகளுக்கு எண்களை அனுப்புவதைவிட வேலையைப் பிரித்துக் கொடுப்பது நல்லது. மாத்திரை தீரும் நாளுக்கு முன் மருந்துக்கடையில் சொல்லிப் பணம் கட்டுவது ஒருவர், மருத்துவரிடம் நேரம் வாங்குவது இன்னொருவர், மாதத்தில் சில நாள் மருமகள் தாய்வீடு போய்வர மாற்று ஆள் ஏற்பாடு செய்வது மூன்றாமவர். இதையெல்லாம் அங்கிருந்தே செய்யலாம். அந்தச் சில நாட்களில் எச்சரிக்கைகள் எதுவும் மருமகள் போனுக்கு வராதபடி ஒரு பொத்தானில் மாற்ற முடிய வேண்டும். முடியாத செயலியை வாங்காதீர்கள். முதியோருக்கான உதவிக்கு 14567 என்ற இலவச எண் இருப்பதையும் அம்மாவுக்கும் மருமகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன, போன் கோபுரங்களும் ஓய்ந்தன. அதை அனுபவித்த மாவட்டத்தில் வைஃபையை மட்டும் நம்பும் கருவியை நான் பொருத்த மாட்டேன். மின்சாரம் போனாலும் தாங்கும் பேட்டரி வேண்டும், சிம் வழியாகச் சாதாரண அழைப்பு போக வேண்டும். கோபுரமும் ஓய்ந்தால் பக்கத்து வீட்டில் ஒலிக்கிற, பேட்டரியில் ஓடும் கம்பியில்லா அழைப்பு மணி ஒன்று வேண்டும். விலை குறைந்த பொருள்தான்.

பொருத்தி முடிந்ததும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அம்மாவையே அழுத்தச் சொல்லிப் பாருங்கள். யார் போன் அடிக்கிறது, யார் வந்து நிற்கிறார்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள். மழைக்காலம் தொடங்கும்போது இன்னொரு தடவை. கருவிக்குள் இருக்கும் சிம்முக்கும் ரீசார்ஜ் உண்டு. தேதி முடிந்தாலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் அழைப்பு போகாது. அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துவிட்டு, எந்தப் பிள்ளை பணம் போடுவது என்று இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.