தர்பியா என்றால் 'ஒழுக்கப் பயிற்சி'யா?

கோடை விடுமுறை வந்தால் போதும், கோவை கோட்டைமேட்டில் தொடங்கி ஈரோடு, பள்ளப்பட்டி வரைக்கும் நோட்டீஸ் வந்துவிடும்: 'மாணவர்களுக்கான தர்பியா (ஒழுக்கப் பயிற்சி) முகாம்.' இந்த 'ஒழுக்கப் பயிற்சி'யைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பிள்ளைகளை உருவாக்குவதைப் பற்றி முஸ்லிம்கள் பேசும் தர்பியா என்ற அரபுச் சொல்லுக்கு அது பொருளே இல்லை.

வளர்தல், பெருகுதல் என்று பொருள்படும் அரபு வேரிலிருந்து வந்த சொல் இது. உருது பேசும் வீடுகளில் தர்பியத். ஒன்றைப் படிப்படியாக அதன் முழுமைக்குக் கொண்டுசேர்ப்பது என்று குர்ஆன் சொற்களுக்கு அகராதி எழுதிய ராகிப் அல்-இஸ்ஃபஹானி விளக்குகிறார். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

பயிற்சி என்றால் என்ன? தையல் பயிற்சி, டிரைவிங் பயிற்சி. ஒரு திறமையைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது, அதற்கு ஒரு முடிவு உண்டு, முடிந்தால் சான்றிதழும் உண்டு. தர்பியாவை அப்படிப் பத்து நாளில் கட்டி முடித்துக் கையில் கொடுக்க முடியாது. முன்னால் 'ஒழுக்க' என்று சேர்த்ததும் பாதி விஷயம் கழன்றுவிடுகிறது. 1977-ல் மக்காவில் கூடிய முதல் உலக முஸ்லிம் கல்வி மாநாடு, ஆன்மா, அறிவு, உணர்வு, உடற்புலன்கள் எல்லாம் சமமாக வளர்வதையே கல்வியின் நோக்கமாகச் சொன்னது. பையன் எதைக் கண்டு பயப்படுகிறான், ராத்திரி சரியாகத் தூங்குகிறானா, கணக்கில் ஏன் தடுமாறுகிறான், இதெல்லாமும் தர்பியாதான். மூன்று துஆ (பிரார்த்தனை) மனப்பாடம், சலாம் சொல்லும் முறை, அவ்வளவுதான் என்று பெற்றோர் நினைத்துக்கொள்வதற்கு அந்தத் தமிழ்ப்பெயரும் ஒரு காரணம்.

நேரான தமிழ் நம்மிடமே இருக்கிறது: வளர்ப்பு. குர்ஆன் 17:24-இல் பெற்றோருக்காகக் கேட்கும் துஆவில் இதே வேர்ச்சொல்தான் வருகிறது, சிறுவயதில் அவர்கள் என்னை வளர்த்ததுபோல் அவர்களுக்கு அருள்செய் என்று. அங்கே 'பயிற்சி கொடுத்ததுபோல்' என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

'வளர்ப்பு மகன்' என்ற நினைப்பு வருகிறதே என்பார்கள். வரட்டும். 26:18-இல் எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன், தன் வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாக இருந்த மூஸா நபியிடம், குழந்தையாக இருந்தபோது உன்னை நாங்கள் வளர்க்கவில்லையா என்று கேட்பதும் இதே சொல்லால்தான். கோழி வளர்ப்பு, மாடு வளர்ப்பு என்றெல்லாம் ஆகிவிடுமே என்பது அடுத்த ஆட்சேபம். தர்பியா என்ற அரபுச் சொல்லே விலங்குக்கும் செடிக்கும்கூட வரும் என்று குறை சொன்னவர் மலேசிய அறிஞர் நகீப் அல்-அத்தாஸ். அதனால்தான் அவர் தஃதீப் (அதபு, அதாவது நல்லொழுக்கம், ஊட்டுதல்) என்ற சொல்லை முன்வைத்தார். அப்படியானால் நம் வளர்ப்பு அந்த அரபுச் சொல்லின் விரிவை அப்படியே பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? இடைக்கால இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலிக்கு அந்த ஒப்புமையில் கூச்சமே இல்லை. பயிருக்கு நடுவே முள்ளையும் களையையும் பிடுங்கிப் போடும் விவசாயியின் வேலைதான் தர்பியத் என்று தம் மாணவருக்கு எழுதினார். மஞ்சள் காட்டில் களை வெட்டுகிற ஈரோட்டுக்காரருக்கு இதற்கு உரையே வேண்டாம்.

இப்போது 'ஆளுமை மேம்பாடு', 'முழுமையான வளர்ச்சி' என்றும் கிளம்பியிருக்கிறார்கள். அரபியைப் பார்க்காமல் ஆங்கிலத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பதால் வருகிற வினை. வளர்ச்சி தன்வினை, யாரும் பக்கத்தில் இல்லாமலும் நடக்கும். வளர்ப்பு பிறவினை, வளர்க்கிற ஆள் அதற்குள்ளேயே இருக்கிறார், அத்தாவோ அம்மாவோ உஸ்தாதோ (ஆசிரியரோ). அந்த ஆளை விட்டுவிட்டுத் தர்பியா பேச முடியாது. ஒழுக்கம் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்றால், 'அதபு உள்ள பிள்ளை' என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்த அதபு போதும், அதற்கும் பயிற்சி என்று வால் ஒட்ட வேண்டாம்.