டென்டேட்டிவ் தேதியை நம்பி லாரியை வரவழைக்காதீர்கள்

சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழர்களுக்கு வார இறுதிகளில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறேன். கட்டுமானத் தள மேற்பார்வையாளர்கள், கிடங்கு ஊழியர்கள், கணக்கர்கள் என்று பலர் வருகிறார்கள். அவர்களுடைய மின்னஞ்சலில் இலக்கணப் பிழை இருந்தால் நான் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. படிப்பவர் எப்படியோ புரிந்துகொள்வார். இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் தடம் மாறிப்போகும் வாக்கியங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. டென்டேட்டிவ், ஹெசிடன்ட், ரிலக்டன்ட் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களிலும் இது அடிக்கடி நடக்கிறது. கைபேசி அகராதி மூன்றுக்கும் ‘தயக்கமான’ என்று ஒரே விடையைக் கொடுத்துவிடுகிறது.

என் மாணவர் ஒருவருக்குப் பொருள் அனுப்பும் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வியாழக்கிழமையை ‘டென்டேட்டிவ்’ தேதி என்று அதில் குறிப்பிட்டிருந்தார்கள். இவர் லாரி கிரேனுக்கு ஏற்பாடு செய்து, நான்கு ஆட்களையும் நிறுத்திவைத்துக் காத்திருந்தார். பொருள் வரவில்லை. கிரேன் வாடகை மட்டும் வந்தது.

“தேதி எப்படி டீச்சர் தயங்கும்? மரியாதைக்காகப் போட்ட சொல் என்று விட்டுவிட்டேன்” என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. தேதி தயங்காது. அங்கே அந்தச் சொல்லுக்குத் தமிழ் ‘உத்தேசம்’. டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதியவர்களுக்கு இது பழகிய சொல்தான்: முதலில் உத்தேச விடைகள் வரும், ஆட்சேபங்களைக் கேட்டபின் இறுதி விடைகள் வரும். தேதி, கால அட்டவணை, முன்பதிவு, பட்டியல் ஆகியவற்றோடு டென்டேட்டிவ் சேர்ந்தால் ‘இன்னும் முடிவாகவில்லை, மாறலாம்’ என்று படியுங்கள். உறுதி செய்து மறு கடிதம் வரும்வரை பணம் கட்டாதீர்கள், விடுப்பு போடாதீர்கள், ஊருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. பூமலை என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமானது. அதற்கு முன்பு, 2012இல், அது டென்டேட்டிவ் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பட்டியலில் இல்லாத இடத்தை ஒரு நாடு முன்மொழியவே முடியாது. இருப்பதாலேயே அங்கீகாரம் கிடைத்துவிடுவதும் இல்லை. அவுட்லுக்கில் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் ஏற்கவும் மறுக்கவும் பொத்தான்கள் இருப்பதுபோல் டென்டேட்டிவ் என்றும் ஒன்று இருக்கும். அதை அழுத்துகிறவர் வருவதாக வாக்குக் கொடுக்கவில்லை. அவரையும் எண்ணிக்கையில் சேர்த்துச் சாப்பாடு சொல்லிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முடிவு, உடன்பாடு, நோய்க்கணிப்பு ஆகியவற்றோடும் இச்சொல் வரும். அங்கே ‘இப்போதைக்கு’ என்பது பொருந்தும். மருத்துவர் தம் கணிப்பை டென்டேட்டிவ் என்றால், சோதனை முடிவுகள் வந்தபின் அது மாறக்கூடும் என்று பொருள். அவருக்குத் தம் வேலையில் நம்பிக்கையில்லை என்று கலங்க வேண்டாம்.

மனிதரின் அசைவுகளோடு சேரும்போதுதான் அகராதி சொன்ன தயக்கம் எட்டிப்பார்க்கிறது: டென்டேட்டிவ் புன்னகை, டென்டேட்டிவ் காலடி, கதவில் ஒரு டென்டேட்டிவ் தட்டல். அங்கேயும் அது வெறும் தயக்கம் அல்ல. தொட்டுப் பார்த்தல், முயன்று பார்த்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஆற்றில் இறங்குமுன் ஒரு காலால் ஆழம் பார்க்கிறோமே, அந்தக் கால்தான் டென்டேட்டிவ். இந்த ஒரு படம் மனத்தில் பதிந்துவிட்டால் தேதி, பட்டியல், புன்னகை எல்லாமே ஒரே நூலில் கோத்தவை என்பது புரியும்.

ஹெசிடன்ட் என்பதன் லத்தீன் வேர் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பதைக் குறிப்பது. திக்கிப் பேசுவதற்கும் அங்கே அதே சொல்தான். அதனால் குரல், பேச்சு, பதில் ஆகியவற்றோடு அது இயல்பாகப் பொருந்துகிறது. தேதியோடு அதைச் சேர்க்காதீர்கள்.

மூன்றிலும் ஆளைக் கவிழ்ப்பது ரிலக்டன்ட். அதன் வேருக்கு எதிர்த்துப் போராடுதல் என்று பொருள். ரிலக்டன்ட் சம்மதம் என்றால் மனமில்லாமல் கொடுத்த சம்மதம். ரிலக்டன்ட் சாட்சி என்றால் சொல்ல விரும்பாமல் கூண்டில் ஏறியவர். இந்த வேறுபாடு தெரியாமல் ஓர் இளைஞர் தம் மேலதிகாரிக்கு, புதிய இரவு வேலைக்கு வர, தாம் ரிலக்டன்ட் என்று எழுதிவிட்டார். அவர் சொல்ல நினைத்தது வேறு: அந்த நேரத்தில் தங்கும் விடுதிக்குத் திரும்ப பஸ் இருக்குமா என்ற கவலை. மேலதிகாரி படித்ததோ, ‘எனக்கு வர விருப்பமில்லை’. இரண்டு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலைக்கு அஞ்சாத பிள்ளை அவர். அவருடைய நல்ல பெயர் ஒரு பெயரடையால் கெட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவரை உட்காரவைத்து அந்தக் கடிதத்தைத் திருத்தினோம். ஹெசிடன்ட் என்று மாற்றலாமா என்று கேட்டார். மாற்றினால் சூடு குறையும். ஆனாலும் காரணத்தைச் சொல்லாத தயக்கம் படிப்பவருக்கு மறுப்பாகத்தான் தெரியும். எனவே பெயரடையையே எடுத்துவிட்டு, ‘இரவு வேலைக்கு வருகிறேன், முடிந்தபின் விடுதிக்குப் போக பஸ் இருக்குமா?’ என்று நேராகக் கேட்டு எழுதினோம். அன்று மாலையே பதில் வந்தது. இரவு வேலையாட்களுக்கென்று நிறுவனத்தின் வேன் ஒன்று முன்பே ஓடிக்கொண்டிருந்ததாம்.