பகலில் மூச்சடக்கும் கற்றாழை

டெக்கீலா என்ற மெக்சிகோ மது கள்ளிச்செடியிலிருந்து வருகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. கள்ளி இல்லை, அகேவ். நம்மூரில் தண்டவாளத்தோரம் முள்ளும் நாருமாக நிற்கிறதே ரயில் கற்றாழை, அதன் பங்காளி. மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாக நட்டிருக்கும் நீல அகேவ்தான் டெக்கீலாவுக்கு மூலம்.

இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், திறந்தால் உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் ஆவியாகிவிடும். இரவில்தான் கரியமில வாயுவை இழுத்து, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்து, விடிந்ததும் வெயிலைக் கொண்டு சர்க்கரையாக்குகிறது. அதனால் இரவு எவ்வளவு குளிர்கிறது என்பது முக்கியம். சுமார் 2000 மீட்டர் உயரத்தில் இருக்கும் லோஸ் ஆல்டோஸ் செம்மண் மேட்டில் இரவு நன்றாகவே குளிரும், செடியும் பருத்து வளரும். அந்தச் சரக்கில் இனிப்பும் பழவாசமும் தூக்கல் என்பார்கள். டெக்கீலா ஊரைச் சுற்றிய எரிமலைப் பள்ளத்தாக்கு 1200 மீட்டர் வாக்கில், வெக்கை அதிகம், அங்கே மிளகுக் காரமும் பச்சிலை வாசமும். செம்மண்ணில் இருக்கிற இரும்புதான் ருசியாக இறங்குகிறது என்ற கதையை நான் நம்பவில்லை. தவிர, பல ஆலைகள் இரண்டு பக்கத்துச் செடியையும் கலந்தே காய்ச்சுகின்றன, அப்புறம் மண்வாசனையை எங்கே தேடுவது?

என்னைக் கேட்டால் வெட்டுகிற நேரம்தான் இன்னும் பெரிய விஷயம். திராட்சை மாதிரி வருடா வருடம் பறிக்க முடியாது; ஆறேழு வருடம் காத்திருந்து, ஒரே அறுவடை. வாழை மாதிரி ஒரு தடவை பூத்தால் அதோடு சரி. பூந்தண்டு கிளம்பினால் சேர்த்த சர்க்கரையெல்லாம் அதற்கே போய்விடும் என்பதால் தலைநீட்டும்போதே நறுக்கிவிடுகிறார்கள்.

வெட்டுபவர் ஹிமடோர். கையில் கோவா, நீளக் கம்பின் நுனியில் வட்டமான கூர்த்தகடு. இலைகளைச் சீவித் தள்ளியதும் மிஞ்சுகிற குண்டுக்கு பின்யா, அதாவது அன்னாசி, என்றே பெயர். 40, 50 கிலோகூட இருக்கும். இலையின் பச்சை அடியை ஒட்டச் சீவாமல் விட்டால் சரக்கில் கசப்பு ஏறும். மழைக்காலத்தில் வெட்டினால் செடி தண்ணீர் குடித்து உப்பியிருக்கும், இனிப்பு நீர்த்துப்போயிருக்கும், அதே ஒரு லிட்டருக்கு இன்னும் நிறைய அகேவ் தேவைப்படும்.

உள்ளே இருப்பது ஃபிரக்டான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. வேகவைத்து உடைத்தால்தான் ஈஸ்ட் தின்னும். இளஞ்செடியில் அது போதிய அளவு சேர்ந்திருக்காது. ஆனால் அகேவ் விலை எகிறும் வருடங்களில் மூன்று, நான்கு வயதுச் செடிகளும் லாரி ஏறிவிடுகின்றன.