அந்தப் பழுப்புக் கசடு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஆர்ஓ வடிகட்டி விற்பவர்கள் மறுபடியும் மின்கம்பிகள் வைத்த அந்தப் பெட்டியோடு வந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு டம்ளரில் உங்கள் ஊற்றுத் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி 230 வோல்ட் கொடுக்கிறார்கள். சில நிமிடத்தில் உங்கள் டம்ளர் பச்சையாகி, பிறகு சாக்கடைப் பழுப்பாகிறது. "இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டதும் மாதத் தவணையில் கையெழுத்து விழுகிறது. நீங்கள் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

தயவுசெய்து கம்பியைப் பாருங்கள். அது இரும்பு. மின்சாரம் பாயும்போது நேர்மின்முனையில் உள்ள இரும்பு அணு, தன் 26 எலக்ட்ரான்களில் இரண்டை விட்டுவிட்டு, மின்னேற்றம் கொண்ட அயனியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. பச்சை அதனால்தான். தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் பட்டு இன்னொரு எலக்ட்ரானும் போனால் பழுப்பு ஹைட்ராக்சைடு, அதாவது துருவின் உறவு. அடுத்த கம்பி அலுமினியம். அது மூன்று எலக்ட்ரானை இழந்து வெள்ளைப் பஞ்சாகத் திரள்கிறது. பல வீடு ஏறி இறங்கிய கம்பியை வாங்கிப் பாருங்கள், அரித்து மெலிந்திருக்கும். உங்கள் டம்ளரில் மிதப்பது அந்தக் கம்பிதான்.

தண்ணீரில் இயல்பாக உள்ள கால்சியமும் மக்னீசியமும் எப்போதோ எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிட்டவை. நிறமில்லை, கேடுமில்லை. மின்சாரம் பாய வழிவிடுவது அவைதான். ஆர்ஓ தண்ணீரில் அவை மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது, டம்ளர் தெளிவாகவே நிற்கும். நம்ப முடியவில்லையா? பெட்டியை அணைக்கச் சொல்லி, அந்த ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அதே சாக்கடை அங்கேயும் வரும். ஓடும்போது விரலை வைக்காதீர்கள், அது நேரடி வீட்டு மின்சாரம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் அயனிகளைத்தான் கணக்கிடுகிறது. கிருமி அதன் கண்ணில் படாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பை ஏற்கிறது. மலை ஊற்றுகள் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே. இந்தத் தண்ணீருக்கு ஆர்ஓ வைத்து, ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுவதா? அதுவும் கோடையில் குழாய்த் தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்திருக்கும் குன்னூரில்?

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததற்கு. ஊற்றுக்கு மேல் சரிவில் கழிப்பறைக் குழியோ மாட்டுக் கொட்டிலோ இருந்தால் மழைக்காலத்தில் கிருமி வர வாய்ப்பு அதிகம். 100 மில்லி தண்ணீரில் மலக் கிருமியான ஈ.கோலி ஒன்று கூட இருக்கக் கூடாது. பரிசோதனைக்கு, கிருமி இருந்தால் கருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பி வாங்கினால், தண்ணீர் ஊற்றிய பிறகு அதை 30 டிகிரிக்கு மேல் கதகதப்பாக வையுங்கள். மலைக் குளிரில் அலமாரியில் விட்டால் கிருமி இருந்தும் கருக்காமல் போகலாம், நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

கலங்கலை வடிகட்டிவிட்டுக் கொதிக்க வையுங்கள். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நன்றாகக் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் அடுப்பில் இருக்கட்டும்.