வராத பாடம் ஒன்றும் இல்லை

பெங்களூரில் வர்த்தூர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். வருகைப் பதிவை எக்செல் ஷீட்டில் வைத்திருக்கிறார். ஒரு பிள்ளை ஒரு பாடத்துக்கு வந்தால் ஒரு வரி: பெயர், பாட எண், தேதி. பத்துப் பாடத்துக்கும் வந்தவர்களுக்குச் சான்றிதழ் தர வேண்டும். “ஃபில்டரில் பத்தையும் டிக் செய்தால் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் டிக் செய்தால் அந்தப் பாடத்தின் வரிகள் மட்டும் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் வந்தவர்களை எப்படிப் பிரிப்பது?” என்று கேட்கிறார்.

ஃபில்டர் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் பார்க்கும். அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ‘ஐந்தாம் பாடத்துக்கு வந்தாள்’ என்பதை ஒரே வரியில் பார்த்துவிடலாம். ‘எல்லாப் பாடத்துக்கும் வந்தாள்’ என்பது எந்தத் தனி வரியிலும் எழுதியிருக்காது; அந்தப் பிள்ளையின் வரிகளை ஒன்றாகக் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆக இரண்டு நடை போக வேண்டும். முதல் நடையில் வரிகளைப் பிள்ளைவாரியாகப் பிரித்து, தேறிய பெயர்களை எடுக்க வேண்டும். இரண்டாம் நடையில் அந்தப் பெயர்களுக்கு உரிய வரிகளை மட்டும் நிறுத்த வேண்டும். இந்த இரண்டாம் நடைக்கு டேட்டாபேஸ் எனும் தரவுத்தளங்களில் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் பெயர் செமி ஜாயின். அது சுலபமான வேலைதான். முதல் நடையில் யார் தேறினார் என்று எப்படி முடிவு செய்வது என்பதில்தான் சுவையே இருக்கிறது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது எண்ணிப் பார்ப்பது. ஒரு பிள்ளைக்குப் பத்து வரி இருந்தால் சான்றிதழ். சரி, ‘ச’ என்ற பிள்ளை நான்காம் பாடம் புரியவில்லை என்று இரண்டு முறை வந்தாள். ஏழாம் பாடத்துக்கு வரவே இல்லை. அவளுக்கும் பத்து வரி இருக்கிறது. வரிகளை விட்டுவிட்டு, வெவ்வேறு பாட எண்கள் எத்தனை என்று எண்ணினால் இந்தத் தவறு போகும். ஆனால் பாடத்திட்டத்தில் இல்லாத பதினோராம் எண் ஒன்றைக் கை தவறிப் பதிந்திருந்தால் மறுபடியும் கணக்கு ஏமாற்றும்.

இதைவிட அழகான வழி ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு முறை விளக்கும்போதும் எனக்குப் புதிதாகப் பார்ப்பது போலவே இருக்கும். அரசுச் சான்றிதழுக்கு அலைந்தவரிடம் கேளுங்கள். “எல்லா ஆபீஸுக்கும் போனேன்” என்று சொல்வதைவிட “நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை” என்றுதான் சொல்வார். இரண்டு ‘இல்லை’ சேர்ந்து ஒரு ‘எல்லாம்’ ஆகிவிடுகிறது. கணினியும் அப்படியே யோசிக்கிறது. தரவுத்தளங்களிடம் பேசும் எஸ்.க்யூ.எல். மொழியில் ‘இப்படி ஒன்று உண்டா’ என்று கேட்க எக்ஸிஸ்ட்ஸ் என்ற சொல் இருக்கிறது. அதற்கு ஈடாக ‘ஒவ்வொன்றுக்கும் இது பொருந்துமா’ என்று நேராகக் கேட்கும் சொல் கிடையாது. அதனால் நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்பதை இரண்டு முறை, ஒன்றுக்குள் ஒன்றாக எழுதுகிறோம்: இந்தப் பிள்ளை வந்ததாக வரி இல்லாத பாடம் எதுவும் இல்லை.

அது நடக்கும் விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். கணினி ‘ச’வை எடுக்கிறது. பாடப் பட்டியலில் முதல் பாடம்: இவள் பெயரில் ஒரு வரியாவது உண்டா? உண்டு, மேலே போ. இரண்டு, மூன்று, உண்டு. நான்கு: முதல் வரி கண்ணில் பட்டதுமே போதும், இரண்டாம் வரியைத் தேட வேண்டியதே இல்லை. ஏழு: இல்லை. அவ்வளவுதான், ‘ச’ வெளியே. எட்டு, ஒன்பது, பத்தைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். தவறாகப் பதிந்த பதினோராம் எண்ணும் குறுக்கே வராது, ஏனென்றால் கேள்வி பாடப் பட்டியலிலிருந்து புறப்படுகிறது. எண்ணிக்கை என்ற ஒன்றே இங்கே தேவைப்படவில்லை.

இந்தத் தர்க்கத்தின் வேருக்கும் மதுரைக்கும் ஓர் உறவு உண்டு. ‘இதுவும் அதுவும்’ என்பதை மறுத்தால் ‘இது இல்லை, அல்லது அது இல்லை’ என்று ஆகும் என்ற விதி கணிதவியலாளர் அகஸ்டஸ் டி மார்கன் பெயரில் வழங்குகிறது. அவர் 1806-ல் மதுரையில் பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டார். அந்த விதியைப் பத்துப் பாடத்துக்கு நீட்டுங்கள். ‘ஒன்றுக்கும் இரண்டுக்கும், இப்படிப் பத்துக்கும் வந்தாள்’ என்பதை மறுத்தால் ‘வராத பாடம் ஒன்றாவது உண்டு’ என்று கிடைக்கும். அதை இன்னொரு முறை மறுத்தால் நம் சான்றிதழ்க் கேள்வி.

டி மார்கனின் ‘ஃபார்மல் லாஜிக்’ நூல் 1847-ல் வந்தது. அட்டவணைகளைக் கணித உறவுகளாகப் பார்க்கலாம் என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் எழுதிய, எஸ்.க்யூ.எல். மொழிக்கு அடித்தளமான கட்டுரை 1970-ல் வந்தது. நடுவில் 123 வருடம். தூய தர்க்க ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் “இதனால் என்ன பயன்?” என்று மூன்று வருடத்துக்குள் பதில் எதிர்பார்க்கும் வழக்கம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. மூன்று வருடக் கெடு வைத்திருந்தால் டி மார்கனால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. புதிதாக ஒரு வகுப்பு தொடங்குகிறீர்கள், பாடப் பட்டியல் இன்னும் காலி. இரட்டை ‘இல்லை’ முறை எல்லாப் பிள்ளைகளும் தேறியதாகச் சொல்லும், ஏனென்றால் அவர்கள் தவறவிட்ட பாடம் ஒன்றும் இல்லை. வருகைப் பதிவைப் பிள்ளைவாரியாகக் கட்டி எண்ணும் முறையோ ஒருவரையும் காட்டாது. பதிவில் வரியே இல்லாத பிள்ளைக்கு அங்கே குழுவே உருவாகாது.

வாசகிக்கு எஸ்.க்யூ.எல். தேவையில்லை, எக்செல்லே போதும். புது ஷீட்டில் இடது ஓரம் கீழ்நோக்கிப் பிள்ளைகளின் பெயர், மேலே குறுக்காகப் பத்துப் பாட எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கவுண்ட்இஃப்ஸ் (COUNTIFS) என்ற ஃபார்முலாவைப் போட்டு, அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் எத்தனை வரி என்று எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வரிசையிலும் சுழியத்தைத் தேடுங்கள். சுழியம் இல்லாத வரிசைக்குச் சான்றிதழ்.

பெயர்களையும் பாட எண்களையும் வருகைப் பதிவிலிருந்து எடுக்காதீர்கள். சேர்க்கைப் பட்டியலிலிருந்தும் பாடத்திட்டத்திலிருந்தும் எடுங்கள். மழையில் ரோடு மூழ்கி யாருமே வர முடியாத ஞாயிறு ஒன்று இருந்தால், அந்தப் பாடத்தின் நெடுவரிசை முழுக்கச் சுழியமாக நிற்கும், ஒருவருக்கும் சான்றிதழ் கிடைக்காது. அந்தப் பாடத்தைப் பட்டியலில் வைப்பதா எடுப்பதா என்பதை டீச்சர்தான் முடிவு செய்ய வேண்டும்.